கவிழ்த்து வைத்த ஜாடி

எங்கள் வீட்டுக் கூடத்தில், குடிநீர் மண்பானைக்கு அருகே போட்டிருக்கும் சிறிய மர முக்காலியின் மேல், மளிகைக் கடைகளில் கடலை மிட்டாய் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் ஜாடி ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கிறது. முக்காலியின் மூன்று கால்களும் மூன்று தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிற்கின்றன. வீட்டிற்கு வருகிறவர்கள் முதலில் கிண்ணங்களைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு ஜாடியை ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே குனிவார்கள். அதற்குள் உள்ளே இருப்பது உடலைத் திருப்பி அவர்களை நேராகப் பார்த்துவிடும். பூச்சி ஒன்று தன்னைப் பார்க்கிறது என்பதை அந்தக் கணத்தில் உணராதவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

உள்ளே இருப்பது ஹிலஸ் செமிகுப்ரியஸ் என்னும் தாவும் சிலந்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இனம். இன்னும் முழு வளர்ச்சி அடையவில்லை. பெண் என்றே நினைக்கிறேன். வலை பின்னிக் காத்திருக்காமல், இரையைக் கண்ணால் கண்டு, பதுங்கிச் சென்று, பாய்ந்து பிடிக்கும் சால்டிசிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பமான இதில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு அறிவியல் பெயர் இடப்பட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி வெப்பமண்டலத்தில் வாழ்பவை. தமிழில் ஈப்புலி என்றும் சொல்வதுண்டு. சுவரில் ஈயை நோக்கி இது வயிற்றைத் தரையோடு தாழ்த்தி அங்குலம் அங்குலமாக நகர்வதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பெயரில் மிகை எதுவும் தோன்றாது.

மூன்று ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். இவற்றை வளர்க்கும் முறை குறித்து எழுதப்பட்ட குறிப்புகளில் நான் படித்தவை அனைத்தும் குளிர்நாடுகளில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. அங்கே பலரும் விரும்பி வாங்குவது ஃபிளோரிடாவையும் கரீபியன் தீவுகளையும் சேர்ந்த ஃபிடிப்பஸ் ரீஜியஸ் என்னும் இனம். தென்கிழக்கு ஆசியாவின் ஹிலஸ் டியார்டியையும் வளர்க்கிறார்கள். லண்டனில் ஜனவரி மாதத்தில் வெப்பமண்டலச் சிலந்தியை வளர்ப்பவருக்குச் சூடு தரும் விரிப்பும், விளக்கும், ஈரப்பதமானியும் தேவைப்படுவது இயல்பே. நான் இருப்பது திருச்சியில், திருவானைக்காவலில். ஆனாலும் முதல் ஆண்டில் அந்தக் குறிப்புகளை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினேன். ஈரப்பதம் குறையக் கூடாது என்பதற்காகக் காற்றுத் துளைகளில் பாதியை அடைத்து, காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்து, அடியில் பரப்பியிருந்த தென்னை நார் முழுவதும் நான்கே நாளில் வெண்பூஞ்சை பூக்கும்படி செய்தேன். இந்த ஊரில் வீடே ஒரு வெப்பப் பெட்டி என்பதும், இந்தச் சிலந்திக்குத் தேவையானவற்றில் முக்கால் பங்கை என் சுவர்களும் சன்னல்களும் முன்பே கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதும் எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. புரிந்த பிறகு என் வேலை பெரும்பாலும் தடுக்கும் வேலையாக மாறிவிட்டது: வெயிலைத் தடுப்பது, எறும்பைத் தடுப்பது, கொசுவிரட்டிப் புகையைத் தடுப்பது, என் கையைத் தடுப்பது.

முதலில் வளர்த்தது ஹிலஸ் அன்று. வாசல் குழல் விளக்கின் பட்டிக்குப் பின்னால் குடியிருந்த ப்ளெக்ஸிப்பஸ் பேகுல்லி என்னும் பெண் சிலந்தி. மனிதர்களின் சரக்கோடு சரக்காக உலகின் வெப்பப் பகுதிகள் முழுவதும் பரவிவிட்ட இனம் இது. வீட்டுச் சுவர்தான் இதற்குக் காடு. ஆணின் கறுத்த உடலில் முகம் தொடங்கி வயிற்றின் கடைசி வரை வெள்ளைப் பட்டை ஓடும். பெண் மங்கிய பழுப்பு நிறம், நடுவில் வெளிறிய கோடு. நம்மில் பலர் இந்த இரண்டையும் வெவ்வேறு பூச்சிகள் என்று நினைத்தே வளர்ந்திருப்போம், நானும் அப்படித்தான். தீக்குச்சிப் பெட்டியைச் சுவரோடு பொருத்தி, பின்னால் ஒரு தாளைச் செருகி அதைப் பிடித்தேன். கையால் பிடிக்க முயன்றால் அகப்படாது. அகப்பட்டால் காலை விட்டுவிட்டுப் போய்விடும்.

அது வந்த பன்னிரண்டாம் நாள் ஜாடியின் மேல் மூலையில் கெட்டியான வெள்ளைப் பட்டுக்கூடு ஒன்றைக் கட்டி அதற்குள்ளேயே தங்கிவிட்டது. நோய் வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அது முட்டையிட்டிருந்தது. பெண் சிலந்தி ஒருமுறை இணைசேர்ந்தபின் ஆணின் விந்தை உடலில் சேமித்து வைத்து வேண்டும்போது பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், வெளியிலிருந்து பிடித்து வரும் வளர்ந்த பெண் பெரும்பாலும் தாயாகவே வருகிறது. மூன்று வாரங்களுக்கு மேல் அது கூட்டை விட்டு விலகவில்லை. தண்ணீர்த் துளியைக் கூட்டின் வாசல் அருகே வைத்தால் தலையை மட்டும் நீட்டிக் குடித்துவிட்டு உள்ளே போய்விடும். குஞ்சுகள் வெளிவந்தபோது நாற்பது வரை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை, ஏனெனில் அவை துளைகள் வழியாக வெளியேறத் தொடங்கியிருந்தன. தாய்க்கென்று இட்ட துளை குஞ்சுக்கு வாசல்.

தாயின் பொறுமையைப் பற்றிப் பேசும்போது இந்தக் குடும்பத்தின் இன்னோர் உறவினரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எறும்பைப் போலத் தோற்றம் கொண்ட டாக்சியஸ் மேக்னஸ் என்னும் ஆசியத் தாவும் சிலந்தி, குஞ்சுகளுக்குப் பால் போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து ஊட்டுகிறது என்று சீன ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டில் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ முதல் இருபது நாள் குஞ்சுகளுக்கு அது ஒன்றுதான் உணவு. தாமே வேட்டையாடத் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் வந்து குடித்துவிட்டுப் போகின்றன. என் ப்ளெக்ஸிப்பஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒருவரையொருவர் தின்னத் தொடங்குவதற்கு முன்பாகக் குஞ்சுகளை வாசல் மல்லிகைக் கொடியில் விட்டுவிட்டு, மூன்றை மட்டும் மாத்திரைக் குப்பிகளில் வைத்துக்கொண்டேன். அவற்றில் இரண்டு முதல் மாதத்திலேயே இறந்தன. காரணம் பசி. கடுகளவு சிலந்திக்குக் கடுகைவிடச் சிறிய உயிருள்ள இரை நாள்தோறும் வேண்டும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்றியது வாழைப்பழம். காவிரிக் கரையில் வாழைப்பழத்திற்கு என்ன பஞ்சம்? கனிந்து கறுத்த பூவன் பழத்தின் துண்டு ஒன்றைக் குப்பியில் போட்டு, வாயைத் திறந்து அடுக்களை ஓரத்தில் ஒரு பகல் வைத்தால் பழ ஈக்கள் தாமாகவே வந்து சேரும். மாலையில் மல் துணியால் வாயைக் கட்டிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறையும் அதே குப்பியில் பிறந்துவிடும். வெளிநாட்டினர் பறக்க இயலாத பழ ஈ வகைகளைக் கடையில் வாங்குகிறார்கள், நம்முடையவை பறக்கும். குப்பியைச் சில நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். எழுவதற்குள் வேண்டிய எண்ணிக்கையைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். சிலந்தி வளர வளர வீட்டு ஈ, அந்துப்பூச்சி, கரப்பான் குஞ்சு, சிறிய சுவர்க்கோழி என்று இரையும் வளரும். இரை சிலந்தியின் உடலளவைவிட மிகப் பெரிதாக இருக்கக் கூடாது. வளர்ந்த சிலந்திக்கு மூன்று நாளைக்கு ஒன்று போதும். வயிறு உருண்டு பளபளத்தால் உணவை நிறுத்தலாம். சுருங்கிச் சுருக்கம் விழுந்தால் முதலில் தண்ணீரையும் பிறகு உணவையும் நினைக்க வேண்டும். அடுக்களை மேடையில் அழுகிய பழத்தை வைக்கும் உரிமையைப் பெறுவதற்கு என் அம்மாவிடம் நான் நடத்திய பேச்சுவார்த்தையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் குஞ்சு ஆணாக வளர்ந்தது. எட்டாம் மாதம் ஓர் இரவு, மின்சாரத்தில் செருகி வைக்கும் திரவக் கொசுவிரட்டி அதே அறையில் எரிந்துகொண்டிருந்தது, சன்னல்கள் மூடியிருந்தன. காலையில் அது ஜாடியின் அடியில் மல்லாந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, சுழன்றுகொண்டிருந்தது. மதியத்திற்குள் போய்விட்டது. நம் வீடுகளில் எரியும் சுருள்களிலும் திரவங்களிலும் இருப்பவை பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள். அவை பூச்சிகளின் நரம்பைத் தாக்குவதைப் போலவே சிலந்தியின் நரம்பையும் தாக்கும். கொசுவுக்கு என்று தனியாக ஒரு நஞ்சு இல்லை. கொசுவிரட்டியை ஏற்றியது நான்தான். இப்போது அந்த அறையில் கொசுவலை மட்டும். கரப்பானுக்குச் சாக்பீஸ் கோடு போட்ட வீட்டில் பிடித்த கரப்பான் குஞ்சையும், மருந்து அடித்த தோட்டத்தில் பிடித்த பூச்சியையும் கொடுக்காமல் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஹிலஸ் எனக்குக் கிடைத்தது அதற்குப் பிறகு, லால்குடிப் பக்கம் ஓர் உறவினரின் கொய்யாத் தோப்பில், இலையை மடித்து உள்ளே பட்டு மெழுகிய ஒரு கூட்டில். ப்ளெக்ஸிப்பஸுக்குப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு விலங்கு. கனத்த உடல், முகம் நிறைய முடி, முன்கால்களில் ஒரு முரட்டுத்தனம். ப்ளெக்ஸிப்பஸ் துறுதுறுவென்று திரியும். ஹிலஸ் ஓரிடத்தில் நின்று நெடுநேரம் யோசிப்பது போல இருக்கும். யோசிக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஜாடியைக் கவிழ்க்கக் கற்றுக்கொடுத்தது இதுதான். தாவும் சிலந்தி வேட்டைக்கு வலை பின்னாது என்றாலும், உறங்கவும் சட்டை உரிக்கவும் முட்டையிடவும் பட்டுக்கூடு கட்டும். இடத்தின் மிக உயரமான மூலையில்தான் கட்டும். ஜாடியை நேராக வைத்தால் உயரமான இடம் மூடி. நான் இரை போட மூடியைத் திருகும் ஒவ்வொரு முறையும் அதன் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் சளைக்காமல் அடுத்த இரவே மறுபடி கட்டியது. ஐந்தாவது முறைக்குப் பிறகு கட்டுவதை நிறுத்தி, அடியில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. ஜாடியைக் கவிழ்த்து மூடியை அடிப்பக்கமாக்கிய அன்று இரவே மேலே கூடு எழுந்தது. மூடியின் மேல் ஒரு துண்டு நாளிதழ், அதன் மேல் இரண்டு காய்ந்த குச்சிகளும் தென்னை ஈர்க்குகளும், ஒரு சருகு, இவ்வளவுதான் அலங்காரம். பழுக்கக் காய்ச்சிய கோணி ஊசியால் எதிரெதிர்ப் பக்கங்களில் துளையிட்டால் காற்று குறுக்காக ஓடும். ஒரே பக்கத் துளை பூஞ்சைக்கு அழைப்பு.

சட்டை உரிக்கும் காலத்தில் நான் செய்த பிழையையும் எழுதிவிடுகிறேன். கூட்டை வழக்கத்தைவிடக் கெட்டியாக்கி, உள்ளே போய், பத்து நாளாக அது வெளியே வரவில்லை. விளக்கை அடித்துப் பார்த்தால் அசைவில்லை. இறந்துவிட்டது என்று முடிவு செய்து, இடுக்கியால் கூட்டைக் கிழித்தேன். அது பழைய சட்டையிலிருந்து பாதி வெளிவந்திருந்தது. உடல் வெண்ணெய் போல மென்மையாக, நிறமற்று இருந்தது. இடதுபக்க மூன்றாம் கால் பழைய தோலுக்குள்ளேயே சிக்கி, கோணலாக இறுகிவிட்டது. இரண்டு நாள் அந்தக் காலை இழுத்துக்கொண்டு திரிந்துவிட்டுப் பிறகு தானே கழற்றிப் போட்டுவிட்டது. சிலந்திக்கு இழந்த கால் மீண்டும் முளைக்கும், ஆனால் அடுத்த சட்டை உரிப்பில்தான். முழு வளர்ச்சி அடைந்து உரிப்பது நின்றுவிட்டால் முளைக்காது. அதற்கு இன்னும் இரண்டு சட்டைகள் பாக்கியிருந்தன. முதல் முறை குட்டையாக, மெலிந்து, வேறு யாருடைய காலோ போல முளைத்தது. அடுத்த முறை மற்றவற்றோடு ஏறத்தாழ ஒத்துவிட்டது. அன்றிலிருந்து கூட்டுக்குள் போன சிலந்தியை நான் தொடுவதில்லை.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஊரில் இதுதான் உயிர். சிலந்தியின் கால்களை மடக்குவதற்குத் தசைகள் உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை இல்லை. உடல்திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. பாய்வதும் பின்கால்களை அந்த அழுத்தத்தால் சடாரென்று நீட்டித்தான். உடம்பில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். மடக்கும் தசைகள் மட்டும் மிஞ்சும். கால்கள் உள்நோக்கிச் சுருளும். இறந்த சிலந்திகள் எல்லாம் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதற்கும் இதுதான் காரணம். இதைப் படித்து வைத்திருந்ததால்தான் ஒரு மே மாதம், இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பிய மாலையில், மூடியின் மேல் கால் சுருண்டு கிடந்த ஹிலஸைக் குப்பையில் போடாமல் விட்டேன். ஈரத் துணியின் மேல் வைத்து, வாய் படுமாறு ஒரு துளி நீரைக் குச்சியால் தொட்டு வைத்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாயருகே இருக்கும் குட்டைக் கைகள் இரண்டும் அசைந்தன; அதன் பிறகு ஒரு கால் நீண்டது. இரவு எட்டு மணிக்கு அது எழுந்து நின்று, என்னைப் பார்த்தது.

அக்கினி நட்சத்திரத்தின்போது எங்கள் ஊரில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. அந்த நாள்களில் ஜாடி மண்பானைக்கு அருகே நகரும். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், அங்கே தொங்கவிட்ட வெப்பமானி கூடத்தின் மறுமூலையைவிட இரண்டு டிகிரி வரை குறைத்துக் காட்டுகிறது. காற்றில் சிறிது ஈரமும் இருக்கிறது. சூடு தரும் விரிப்பு வேண்டும் என்ற குறிப்புக்கு நான் கண்டுபிடித்த திருச்சி மொழிபெயர்ப்பு அந்தப் பானை. நாளுக்கு ஒருமுறை ஜாடியின் சுவரில் சில துளிகள் தெளித்தால் போதும். சிலந்தி துளியின் மேல் முகத்தை வைத்து அழுத்திக் குடிப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். துளி அதன் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆனால் ஈரமும் இரையின் மிச்சமும் இருக்கும் இடத்தை எறும்பு கண்டுபிடிக்காமல் இருக்காது. சட்டை உரித்து மென்மையாகக் கிடக்கும் சிலந்திக்கு ஒரு சாரை எறும்பு போதும். என் பாட்டி, பலகாரம் வைக்கும் வலைக்கம்பி அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருந்தார். முக்காலிக்குக் கிண்ணம் வந்தது அங்கிருந்துதான்.

கண்ணைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது; ஆனாலும் வளர்ப்பவருக்குப் பயன்படும் அளவிற்காவது எழுத வேண்டும். எட்டுக் கண்களில் முகத்தின் நடுவே இருக்கும் பெரிய இரண்டும் தொலைநோக்கி போன்றவை: முன்னால் அசையாத வில்லை, பின்னால் நீண்ட குழாய், குழாயின் அடியில் நான்கு அடுக்குகள் கொண்ட குறுகிய விழித்திரை. நாம் கண்ணை உருட்டுவது போல அவை உள்ளே விழித்திரையை உருட்டுகின்றன. ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்கென ஆறு தசைகள். பார்வைப் பரப்பு சிறியது, கூர்மை மிக அதிகம். போர்ஷியா என்னும் பேரினத்தின் கண், தும்பியின் கண்ணைவிடச் சுமார் பத்து மடங்கு நுணுக்கமாகப் பிரித்தறியக்கூடியது. மற்ற ஆறு கண்கள் ஏறக்குறைய உடலைச் சுற்றிலும் அசைவைக் கவனிக்கின்றன. பின்னால் ஏதேனும் அசைந்தால் சிலந்தி சட்டென்று திரும்பிப் பெரிய கண்களை அதன் மேல் நிறுத்துகிறது. அதனால் அசையாத இரை பெரும்பாலும் இதற்கு இரையே அன்று. செத்த ஈயைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால் நுனியில் பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். அதிகம் ஆட்டினால் பயந்து பின்வாங்கும். எவ்வளவு ஆட்ட வேண்டும் என்பதை அந்தந்தச் சிலந்திதான் கற்றுக்கொடுக்கும்.

தூரத்தை இது எப்படி அளக்கிறது என்பதற்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஹசேரியஸ் அடான்சோனி. வெப்பமண்டல வீடுகளில் வாழும் இதன் இன்னொரு உறவினர். விழித்திரையின் ஓர் அடுக்கில் உருவம் தெளிவாகவும் இன்னோர் அடுக்கில் கலங்கலாகவும் விழுகிறது. எவ்வளவு கலங்கல் என்பதைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. பச்சை ஒளியில் குறி தவறாமல் பாய்ந்த சிலந்திகள், சிவப்பு ஒளியில் இரையை எட்டாமல் குறைவாகப் பாய்ந்தன. இதைப் படித்த அன்று இரவு, பூசை அறையின் சிவப்பு ஜீரோ வாட் விளக்கைக் கூடத்திற்குக் கொண்டுவந்து, ஜாடிக்குள் ஓர் ஈயை விட்டேன். ஹிலஸ் கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உறங்கப் போய்விட்டது. பகலில் வேட்டையாடும் விலங்கை இரவு பத்து மணிக்கு எழுப்பிய என்னைத்தான் குறை சொல்ல வேண்டும். விளக்கைக் காணவில்லை என்று அம்மா தேடியது தனிக்கதை.

அம்மாவுக்கு இவற்றின் மேல் வெகுநாள் கோபம். "எட்டுக்கால் பூச்சி மேல ஒண்ணுக்குப் போயிட்டா அக்கி வரும்டா, தெரியாதா உனக்கு?" என்பார். நம் ஊரில் இந்த நம்பிக்கை ஆழமானது. அக்கி, சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ் உடலில் ஒளிந்திருந்து பிற்காலத்தில் தலைதூக்குவதால் வருவது. காலையில் எழும்போது கழுத்தில் கோடு போலக் காணப்படும் எரிச்சல் கொப்புளங்கள் பல நேரங்களில் பெடேரஸ் என்னும் சிறு வண்டு தோலில் நசுங்குவதால் வருபவை. சிலந்திக்கு இரண்டிலும் பங்கில்லை. தாவும் சிலந்தி கடிப்பது அரிது. நசுக்கினால் கடிக்கும், எறும்புக் கடி அளவில். இதையெல்லாம் நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. திருவானைக்காவிலேயே இருந்துகொண்டு, லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தியைக் கோச்செங்கட் சோழனாகப் பிறக்க வைத்த ஊரில், சிலந்தியை இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். "அது வலை பின்னுற சிலந்தி. இது அந்த வேலையும் பார்க்கல" என்றார். உயிரியல் நோக்கில் அதில் குற்றம் காண முடியவில்லை.

எல்லாத் தாவும் சிலந்திகளையும் வளர்க்க முடியாது. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்புகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே சிவந்து, இடை மெலிந்து, முன்கால்களை உணர்கொம்பு போல ஆட்டித் திரியும் மிர்மாப்ளாட்டா என்னும் சிலந்தியை ஒருமுறை பிடித்து வந்தேன். எறும்புகள் இல்லாத ஜாடியில் அது வேடம் போட ஆளில்லாத நடிகரைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தது, ஈயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அதே மரத்தில் விட்டேன். எடுத்த இடத்திலேயே விடுவது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி. ஃபிடிப்பஸ் ரீஜியஸ் வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: வெளிநாட்டு உயிரினத்தை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்வது சட்டத்திற்குப் புறம்பானது, அது ஒருபுறம் இருக்க, உங்கள் குழல் விளக்கின் பின்னால் இருப்பதை முதலில் பாருங்கள்.

என் முதல் ஹிலஸ் பதினான்கு மாதம் என்னோடு இருந்தது. கடைசி மாதத்தில் பாய்ச்சல் குறைந்து, பிறகு சுவரில் பிடி வழுக்கி, பிறகு ஈர்க்கின் அடியிலேயே தங்கிவிட்டது. ஈயின் தலையை நசுக்கி வாயருகே கொண்டுபோனால் சிறிது உறிஞ்சும். தங்கை மகள் விடுமுறைக்கு வந்தவள், "மாமா, இது என்னைப் பார்க்கவே மாட்டேங்குது" என்றாள். விரலை ஆட்டினால் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அவள் எதிர்பார்த்த வேகத்தில் இல்லை. கார்த்திகை மாதம் ஒரு காலையில் இறந்தது. தண்ணீர் வைத்துப் பார்த்தேன். இந்த முறை கால் நீளவில்லை.

இப்போது ஜாடியில் இருப்பதும் அதே கொய்யாத் தோப்பிலிருந்து வந்தது. ஆவணி மாதம் அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. என்னிடம் வந்த பின் நான்கு சட்டைகளை உரித்திருக்கிறது. நான்கையும் தீக்குச்சிப் பெட்டியில் பஞ்சின் மேல் வரிசையாக வைத்திருக்கிறேன். ஐந்தாவதற்காகக் கூட்டைக் கெட்டியாக்கி உள்ளே போய் இன்றோடு ஒன்பது நாள். துளி நீரை மட்டும் கூட்டுக்கு அருகே தெளிக்கிறேன். இடுக்கியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், நாற்காலி போட்டு ஏறினால் மட்டுமே எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.